மரத்த இடமும் குத்திய இடமும்

எனக்கு மூக்குத்தி கிடையாது. எங்கள் பக்கத்தில் கல்யாணமான பெண்ணின் மூக்கு வெறுமையாக இருந்தால் நாலு பேர் விசாரிப்பார்கள். "பிடிக்கலை" என்று சொல்லித் தப்பித்துக்கொள்வேன். உண்மை என்னவென்றால், ஊசியைக் கண்டால் எனக்கு உயிர் போய்விடும். காது குத்தியது ஒரு வயதில். அன்றைக்கு யாரும் என்னிடம் சம்மதம் கேட்கவில்லை. அதற்குப் பிறகு என் உடம்பில் ஏறிய ஊசியெல்லாம் இரண்டு பேர் பிடித்துக்கொண்டு ஏற்றியவைதான். ஐந்தாம் வகுப்பில் தடுப்பூசி போட ஆள் வந்த அன்று, பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் இருந்த வேலிக்கருவைப் புதருக்குள் புகுந்து ஒளிந்துகொண்டேன். வெளியே இழுத்துப்போட்டு, கையிலும் காலிலும் ஏறியிருந்த முள்ளையெல்லாம் ஊக்கால் கிளறி எடுத்தார்கள். எடுத்து முடித்த கையோடு தடுப்பூசியையும் போட்டார்கள்.

இப்படிப்பட்டவள் கர்ப்பமானேன்.

அப்போது நான் திருச்சுழியில் ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் வேலை பார்த்தேன். சாதிச் சான்று, வருமானச் சான்று, பட்டா மாறுதல் என்று தாலுகா ஆபீசுக்கு வருகிறவர்களுக்கு விண்ணப்பம் பூர்த்தி செய்து கொடுக்கிற வேலை. என் வீட்டுக்காரர் அருப்புக்கோட்டையில் ஒரு ஜவுளிக்கடையில் சேலைப் பிரிவில் இருந்தார். குடியிருந்ததும் அங்கேதான், வாடகை வீடு. என் பிறந்த ஊர் திருச்சுழியைத் தாண்டி ஒரு சின்னக் கிராமம். அப்பாவுக்கு அங்கே மழையை நம்பிப் பருத்தியும் குதிரைவாலியும் விதைக்கிற கொஞ்சம் கரிசல் நிலம்.

எட்டாம் மாதச் செக்கப்பில் பிரசவ டாக்டர் கேட்டார். "வலி தெரியாம பிரசவம் பாக்கலாம்மா. முதுகுல ஒரு ஊசி போட்டு, மெல்லிசா ஒரு டியூபு வச்சு மருந்து விடுவாங்க. வேணுமா?"

"வலி தெரியாம" என்றதும் மலர்ந்த முகம், "முதுகுல ஊசி" என்றதும் கருத்துவிட்டது என்று என் வீட்டுக்காரர் பின்னால் சொன்னார்.

"எவ்ளோ பெரிய ஊசி டாக்டர்?"

"அது உங்களுக்குத் தெரியவே தெரியாது. முதல்ல ஒரு சின்ன ஊசி போட்டு அந்த இடத்துத் தோலை மரத்துப்போக வச்சிருவாங்க. அதுக்கப்புறம்தான் பெரிய ஊசி."

"அந்தச் சின்ன ஊசி தெரியுமே?"

"லேசாத் தெரியும்."

"அதுக்கு முன்னாடி, அதைவிடச் சின்ன ஊசி எதுவும் இருக்கா?"

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். நான் விளையாடவில்லை. உண்மையாகவே தெரிந்துகொள்ள விரும்பினேன். என் வீட்டுக்காரர் பக்கத்து நாற்காலியிலிருந்து முன்னால் சாய்ந்து, மரியாதையாகச் சொன்னார். "டாக்டரு, நான் சேலை காட்டுறவன். இந்த மாதிரி கேக்கிற ஆளு, இருக்கிறதைக் கண்ணுல காட்டாம எடத்தை விட்டு நகராது. எதுவும் இருந்தா எடுத்துப் போட்டுருங்க."

டாக்டர் சிரித்துவிட்டார். ஊசி போடுகிற இடத்தில் முன்கூட்டியே தடவுகிற மரப்புக் கிரீம் ஒன்று உண்டு என்றும், அதைத் தடவி மேலே பிளாஸ்டிக் தாளால் மூடி ஒரு மணி நேரம் விட்டால் மேல்தோல் மரத்துவிடும் என்றும் சொன்னார். "ஆனா அது பெரும்பாலும் சின்னப் புள்ளைகளுக்குப் போடுறது."

"பரவாயில்ல டாக்டர்," என்றேன்.

அருப்புக்கோட்டையில் மூன்று மருந்துக்கடை ஏறி இறங்கி அந்தக் குழாயை வாங்கி வந்தார். சுண்டுவிரல் நீளம்கூட இல்லை. ஆஸ்பத்திரிப் பையில் குழந்தைத் துணிக்கு மேலே, கண்ணில் படுகிறாற்போல வைத்தேன். அன்று முதல் பிரசவத்தைப் பற்றிய கவலையே எனக்கு இல்லை.

வலி வந்தது ஒரு செவ்வாய்க்கிழமை காலை, தோசைக்கல்லில் இரண்டாவது தோசை வெந்துகொண்டிருந்தபோது. அவர் முதல் தோசையைத் தின்றுகொண்டிருந்தார். ஆட்டோ பிடித்து எட்டரை மணிக்கெல்லாம் ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டோம். டாக்டர் பார்த்துவிட்டு, ஊசி போடலாம் என்று சொல்லிவிட்டார். மயக்க டாக்டர் மட்டும் வேறொரு ஆஸ்பத்திரியில் ஆபரேஷனில் இருந்தார். வர ஒரு மணி நேரம் ஆகும் என்றார் நர்ஸ்.

"அப்ப சரியா இருக்கு," என்றேன். "கிரீமைத் தடவிருங்க."

நர்ஸ் குழாயை வாங்கிப் பார்த்தார். அந்த நேரம் பக்கத்து அறையில் ஒரு பெண், கூரை பிய்ந்துபோகிற மாதிரி ஒரு சத்தம் போட்டாள். நர்ஸ் குழாயை அவர் கையில் திணித்து, "நீங்களே தடவிருங்கண்ணே. நடு முதுகெலும்பு மேல, நல்லாத் திக்கா," என்று சொல்லிவிட்டு ஓடினார்.

நடு முதுகெலும்பு என்பது எது என்று அவர் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. கட்டிலின் கம்பியைப் பிடித்துக்கொண்டு குனிந்து நின்றேன். அவர் பின்னால் நின்று கவுனின் நாடாவை அவிழ்த்தார்.

"இங்கயா?" என்று விரலை வைத்தார்.

சரியாக அந்த நொடியில் அடுத்த வலி வந்தது. நான் "அம்மா!" என்று கத்தினேன்.

அவர் காதில் அது "ஆமா" என்று விழுந்திருக்கிறது. இன்றைக்கு வரைக்கும் அவர் அப்படித்தான் சாதிக்கிறார். நான் கத்தின கத்தில் முழுக் குழாயையும் பிதுக்கி, அடையைத் தட்டுகிற மாதிரி தட்டிவிட்டார். மூடுவதற்குப் பிளாஸ்டிக் தாள் வேண்டும். சேலைக் கடைக்காரர் பையில் அதற்கா பஞ்சம்? சேலை மடித்துக் கொடுக்கிற கவர் ஒன்றை உருவி, மடிப்பு விழாமல் நீவி, நாலு பக்கமும் டேப் ஒட்டி முடித்தார். அந்த ஒட்டு வேலையை அப்புறம் நர்ஸே பாராட்டினார்.

வலி அடங்கி, நான் மூச்சு வாங்கிக்கொண்டு, "மரத்துச்சா?" என்று கேட்டேன்.

"எனக்கு எப்படித் தெரியும்? உனக்குத்தான் தெரியணும்."

"எனக்கு வயிறு வலிக்கிறதுல முதுகு இருக்கிறதே தெரியலை."

"அப்ப மரத்துருச்சு," என்றார் நிம்மதியாக.

அதன் பிறகு நடந்ததை நான் பின்னால் கேட்டுத் தெரிந்துகொண்டேன். அவருக்குப் பதற்றம் வந்தால் நகம் கடிக்கிற வழக்கம். கடையில் ஆடித் தள்ளுபடி சமயத்தில் பத்து விரலிலும் நகம் இருக்காது. கிரீம் தடவின கையைக் கழுவ வேண்டும் என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை. வெளியே வராந்தாவில் உட்கார்ந்து ஆள்காட்டி விரலில் ஆரம்பித்து வரிசையாகக் கடித்திருக்கிறார். கொஞ்ச நேரத்தில் மேலுதடு காணாமல் போனது. பிறகு கீழுதடு. பிறகு நாக்கின் நுனி.

அந்த நேரம் பார்த்து என் அம்மாவிடமிருந்து போன். விஷயம் தெரிந்து திருச்சுழியில் பஸ் ஏறி வந்துகொண்டிருந்தாள்.

"மாப்ள, எப்படி இருக்கா என் புள்ள?"

"பயப்படாதீங்க அத்தை, மருந்து போட்டாச்சு" என்று அவர் சொல்ல நினைத்தார். ப, ம இரண்டும் உதடு ஒட்டாமல் வராது. அவருக்கு உதடு இருக்கிற இடமே தெரியவில்லை. அம்மாவின் காதில் விழுந்தது, "ஹய... ஹய... ஹடாதீங்க" என்ற ஒரு கேவல். கூடவே எச்சில் உறிஞ்சுகிற சத்தம்.

"மாப்ள! ஏன் அழுகுறீக? என்ன ஆச்சு?"

"ஒண்ணு... ல்ல... அத்தை... உதடு... உதடு..."

உதடு என்பதை அம்மா "உசுரு" என்று எடுத்துக்கொண்டாள்.

அவள் அந்தப் பஸ்ஸில் எழுப்பிய ஓலத்தில் டிரைவர் பிரேக் போட்டாராம். கண்டக்டர் வந்து விசாரித்தார். பஸ் முழுக்க விஷயம் பரவி, பக்கத்து சீட்டில் இருந்த வீரசோழத்து அம்மா ஒருவர், நகை வாங்க அருப்புக்கோட்டைக்கு வந்துகொண்டிருந்தவர், என் அம்மாவின் தலையைத் தன் தோளில் சாய்த்துக்கொண்டு, "அல்லா பாத்துக்கிருவான், அழாதீக அக்கா," என்று தட்டிக்கொடுத்திருக்கிறார். பஸ் ஸ்டாண்டு வரைக்கும் போகாமல் ஆஸ்பத்திரி வாசலுக்கு நேராகவே பஸ்ஸை நிறுத்தி இறக்கிவிட்டார்கள். அந்த அம்மாவும் கூடவே இறங்கிவிட்டார். இப்படி ஒரு நிலைமையில் ஒரு மனுஷியைத் தனியாக விட்டுப்போக அவருக்கு மனசு வரவில்லை.

இரண்டு பேரும் வராந்தாவுக்குள் ஓடி வந்தபோது அவர் சட்டைக் காலரால் வாயைத் துடைத்தபடி உட்கார்ந்திருந்தார். கண் சிவந்திருந்தது. வாய் ஒரு பக்கம் தொங்கியது. அம்மாவைப் பார்த்ததும் ஆறுதல் சொல்ல எழுந்து, "அத்தை" என்று வாயைத் திறந்தார். எச்சில் ஒழுகியது.

அம்மா நெஞ்சில் அடித்துக்கொண்டாள்.

உள்ளே படுத்திருந்த எனக்கு அந்தச் சத்தம் கேட்டது. என் அம்மாவின் ஒப்பாரிக் குரல் எனக்குத் தெரியாதா? யாருக்காக என்று யோசித்தேன். அந்த ஆஸ்பத்திரியில் அவளுக்கு வேண்டியவள் நான் ஒருத்திதான். கவுனுக்குள் கையை விட்டு வயிற்றைத் தொட்டுப் பார்த்தேன். குழந்தை உதைத்தது. அப்படியானால் நானும் உயிரோடுதான் இருக்க வேண்டும் என்று முடிவுக்கு வந்தேன்.

நர்ஸ் வெளியே போய் ஒரு அதட்டுப் போட்டார். "யாருக்கு என்ன ஆச்சுன்னு இங்க அழுகுறீங்க? உங்க பொண்ணு நல்லா இருக்கு. இந்த அண்ணே மரப்பு மருந்தைத் தின்னுட்டாரு. அம்புட்டுத்தான். வாயைக் கொப்புளிங்கண்ணே, சரியாயிரும்."

பிறகு வீரசோழத்து அம்மாவின் சிரிப்பு கேட்டது. வளையல் குலுங்குகிற மாதிரி, நிறுத்த முடியாத சிரிப்பு.

மயக்க டாக்டர் பத்து மணிக்கு வந்தார். ஒல்லியான பெண், கையில் ஸ்கூட்டர் ஹெல்மெட். அருப்புக்கோட்டை நெசவுக்காரக் குடும்பம். நர்ஸும் அதே தெரு என்று பின்னால் தெரிந்தது. இரண்டு பேரும் தங்களுக்குள் தெலுங்கில் பேசிக்கொண்டார்கள். என்னிடம் தமிழ்.

"கட்டில் ஓரத்துல உக்காந்து தலகாணியைக் கட்டிப் பிடிச்சுக்கிறீங்க. தாடையை நெஞ்சுல வையுங்க. முதுகை வெளிய தள்ளி, முந்திரிப்பருப்பு மாதிரி வளையணும். சரியா?"

அந்த வயிற்றை வைத்துக்கொண்டு முந்திரிப்பருப்பாக வளைவது சாமானியமில்லை. பலாக்கொட்டையாகத்தான் ஆக முடிந்தது. நர்ஸ் முன்னால் நின்று என் தோள்களைப் பிடித்துக்கொண்டார். டாக்டர் பின்னால் கவுனை விலக்கினார்.

விலக்கின கை அப்படியே நின்றது.

பிறகு டாக்டர் தெலுங்கில் ஏதோ சொன்னார். நர்ஸ் என் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தார். அவர் உடம்பு குலுங்கியது. டாக்டர் இன்னும் ஏதோ சொன்னார். நர்ஸ் என் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டார். எனக்குத் தெலுங்கு ஒரு வார்த்தை தெரியாது. என் முதுகெலும்பைப் பார்த்து ஒரு டாக்டரும் நர்ஸும் அதிர்ந்துபோய் நிற்கிறார்கள் என்று மட்டும் புரிந்தது.

"எலும்பு கோணலா இருக்கா டாக்டர்?" என்றேன்.

"எலும்பெல்லாம் நல்லா இருக்கும்மா. உங்க முதுகுல எளுதியிருக்கு."

"என்ன எழுதியிருக்கு?"

டாக்டர் நிதானமாக வாசித்தார். "நன்றி. மீண்டும் வருக."

கடைக் கவர். அதுவும் எழுத்து வெளியே தெரிகிற மாதிரி, நேராக ஒட்டியிருந்தார்.

நானும் சிரித்தேன். சிரிப்பில் வயிறு குலுங்க, வலியும் வர, சிரிப்பும் அழுகையுமாக நர்ஸின் இடுப்பைக் கட்டிக்கொண்டேன். வலி போன பிறகுதான் டாக்டர் அடுத்த விஷயத்தைச் சொன்னார்.

"கிரீமு உள்பாடி ஊக்கு போடுற எடத்துல இருக்கு. நான் குத்த வேண்டியது இடுப்புக்கிட்ட. ஒரு சாண் கீள."

எனக்குச் சிரிப்பு நின்றுவிட்டது. "மரத்த எடத்துலயே குத்துங்களேன் டாக்டர்."

"அங்க வழக்கமில்லம்மா. புள்ள என்ன கழுத்து வழியாவா வரப்போகுது?"

"வேற கிரீம்..."

"வாங்கித் தடவி இன்னும் ஒரு மணி நேரம் காத்திருக்கலாம். நான் இருக்கேன். நீங்க தாங்குவீங்களா?"

தாங்குவேன் என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அடுத்த வலி வந்துவிட்டது. முன்னால் வந்ததெல்லாம் வெறும் விசாரணை, இதுதான் தீர்ப்பு என்கிற மாதிரி வந்தது. "குத்துங்க!" என்று கத்தினேன். "எங்க வேணாலும் குத்துங்க!"

வலி இறங்கினதும் பயம் மறுபடி ஏறிக்கொண்டது. முதுகில் மருந்துத் தண்ணீரை வைத்துத் துடைக்கிற சில்லிப்பு. மேலே விரித்த துணி. இடுப்பு எலும்பைத் தடவிப் பார்த்து, நடுவில் அழுத்துகிற விரல்.

"இப்ப சின்ன ஊசி. தோலு மரக்கிறதுக்கு. எறும்பு கடிச்ச மாதிரி இருக்கும்."

"எந்த எறும்பு?" என்றேன்.

"என்னது?"

"பிள்ளையார் எறும்பா, சித்தெறும்பா, கட்டெறும்பா?"

கரிசல் காட்டில் வளர்ந்தவளிடம் பொத்தாம்பொதுவாக எறும்பு என்று சொன்னால் எப்படி? பிள்ளையார் எறும்பு கடிக்கவே கடிக்காது. சித்தெறும்பு கடித்தால் தேய்த்துவிட்டுப் போகலாம். பருத்தி எடுக்கும்போது கட்டெறும்பு கடித்தால் மடியிலிருக்கிற பருத்தியை அப்படியே கொட்டிவிட்டு ஓட வேண்டியதுதான்.

டாக்டர் கொஞ்சம் யோசித்தார். அவருக்கும் அது நியாயமான கேள்வியாகப் பட்டிருக்க வேண்டும். "சித்தெறும்பு," என்றார்.

பொய். கட்டெறும்புதான். சுருக்கென்று ஒரு குத்து, அதைத் தொடர்ந்து மிளகாய்ப் பொடியைத் தேய்த்த மாதிரி ஒரு எரிச்சல் தோலுக்கடியில் வட்டமாகப் பரவியது. நான் பல்லைக் கடித்துக்கொண்டு மனசுக்குள் எண்ணினேன். ஒன்று, இரண்டு, மூன்று. ஏழு எண்ணும்போது எரிச்சல் மங்கியது. பத்துக்கு வரும்போது, அந்த இடத்தில் யாரோ வேறொருவருடைய தோலைக் கொண்டுவந்து ஒட்டின மாதிரி இருந்தது. டாக்டர் தொட்டது தெரிந்தது. ஆனால் பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டுகிற மாதிரி தெரிந்தது.

ஆயுள் முழுக்க நான் ஓடி ஒளிந்ததெல்லாம் இந்தப் பத்து எண்ணிக்கைக்குத்தானா? எனக்கே கொஞ்சம் வெட்கமாக இருந்தது.

"அசையாம இருங்க. முதுகுல அழுத்துற மாதிரி இருக்கும்," என்றார் டாக்டர். கட்டைவிரலை வைத்து உள்ளே தள்ளுகிற மாதிரி இருந்தது. இடது காலில் ஒரு நொடி சுரீர் என்று ஒரு கூச்சம் ஓடி மறைந்தது. நான் நர்ஸின் கழுத்தில் கிடந்த அடையாள அட்டையின் கயிற்றையே பார்த்துக்கொண்டு மூச்சை எண்ணினேன். கொஞ்ச நேரம் போனது.

"டாக்டர், பெரிய ஊசி போடுறதுக்கு முன்னாடி ஒரு வார்த்தை சொல்லிருங்க. நான் சாமி கும்பிட்டுக்கிருதேன்."

"போட்டு, டியூபை வச்சு, ஊசியை உருவியும் ஆச்சு. இப்ப பிளாஸ்திரி ஒட்டுறேன்."

நான் நம்பவில்லை. நர்ஸைப் பார்த்தேன். அவர் தலையாட்டினார். அப்போதுதான் அழுகை வந்தது. என்னைப் பிடிக்க இரண்டு பேர் தேவைப்படவில்லை என்கிற அழுகை.

கால் மணி நேரத்தில் வலி தூரத்துக்குப் போய்விட்டது. வயிறு இறுகுவது கையை வைத்தால் தெரிந்தது. ஆனால் அது என்னைக் கேட்காமல் அதுபாட்டுக்கு வேலை பார்த்தது. அம்மாவை உள்ளே விட்டார்கள். அவள் என் நெற்றியைத் தொட்டுப் பார்த்து, "வலிக்கலையா?" என்று கேட்டாள். இல்லை என்றேன். அவளால் அதைப் பொறுத்துக்கொள்ள முடியவில்லை. "உன்னையப் பெத்தப்ப நான் ஒரு ராத்திரி முச்சூடும் கத்துனேன்," என்று கொஞ்சம் கோபமாகவே சொன்னாள். பிறகு என் பக்கத்தில் உட்கார்ந்து, "நல்லாருக்குல்ல?" என்று ரகசியமாகக் கேட்டாள்.

வீரசோழத்து அம்மா கதவோரம் வந்து எட்டிப் பார்த்துவிட்டு, குழந்தை பிறந்தால் போன் பண்ணச் சொல்லி நம்பர் கொடுத்துவிட்டு, நகைக் கடைக்குப் போனார்.

அவருக்கு உதடு திரும்ப வந்தபோது பதினொன்றரை. வந்ததும் உள்ளே வந்து அவர் சொன்ன முதல் வார்த்தை, "ஆமான்னுதான சொன்ன?" என்பது.

மத்தியானம் மூன்று மணிக்குப் பெண் குழந்தை பிறந்தது. தள்ளச் சொன்னபோது தள்ளினேன். எங்கே தள்ளுகிறேன் என்று பாதிதான் தெரிந்தது. பிரசவ டாக்டர் "இன்னும், இன்னும்" என்றார், அம்மா "விடாத, விடாத" என்றாள், குழந்தை அழ ஆரம்பித்தது. துடைத்து என் நெஞ்சில் வைத்தார்கள். ஈரமாக, சூடாக, கோபமாக இருந்தது. முகம் அச்சு அசலாக என் மாமனார். அதை அந்த நேரத்தில் யாரிடமும் சொல்லாமல் அடக்கிக்கொண்டேன்.

மருந்தை நிறுத்திய பிறகும் கால் இரண்டும் கனமாகவே கிடந்தன. உணர்வு திரும்புகிறதா என்று அவ்வப்போது பார்க்கச் சொல்லியிருந்தார் நர்ஸ். என் வீட்டுக்காரர் கட்டிலின் கால்மாட்டில் உட்கார்ந்து, என் கால் பெருவிரலை மெதுவாகக் கிள்ளினார்.

"தெரியுதா?"

"இல்ல."

பாதத்தை இரண்டு கையாலும் பிடித்து அமுக்கிவிட்டார். ஐந்து வருஷக் கல்யாண வாழ்க்கையில் அவர் என் காலைப் பிடித்தது அதுதான் முதல் தடவை. குதிகாலை நீவி, விரல்களை ஒவ்வொன்றாக இழுத்துவிட்டு, மறுபடி கேட்டார்.

"இப்ப?"

"ம்ஹூம்."

அம்மா குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு எங்களையே பார்த்தாள். அவர் குனிந்து கெண்டைக்காலைத் தேய்க்க ஆரம்பித்தார். முகத்தில் கவலை. நர்ஸை ஒரு தடவை கூப்பிடலாமா என்றார். கொஞ்சம் பொறுங்க என்றேன்.

உணர்வு முதல் கிள்ளிலேயே வந்துவிட்டது. நான் ஒத்துக்கொண்டது சாயங்காலம் காபி வந்த பிறகு.